நத்தாருக்குப் போன கிண்ணம்

மர்ஸூக்: இந்த முறை எனாமல் கோப்பையில வெச்சுக் குடு, நளீரா.

நளீரா: ஏன்? எனாமல்னா துரைசாணி திருப்பி அனுப்புவாளா?

மர்ஸூக்: ஆரம்பிச்சிட்டியா...

நளீரா: துரைக்குன்னு அவிச்ச வட்டிலப்பம் இன்னும் ஆறல்ல. ஆறுற வரைக்கும் பேசலாம்தானே.

மர்ஸூக்: நாளைக்கு நத்தார், துரைமார்ட கிறிஸ்மஸ். தோட்டத்து ஆக்களுக்கு நம்ம கடையில எடுக்குற கம்பளிக்குத் துரை இன்னும் கையெழுத்துப் போடல்ல. அது போனா பதுளைக் கடைய மூட வேண்டியதுதான்.

நளீரா: போன நத்தாருக்கும் இதத்தான் சொன்னீங்க. துரைக்கு மண்சட்டியிலயா கொண்டு போறதுன்னு, மகட வெள்ளிக் கிண்ணத்த எடுத்தீங்க.

மர்ஸூக்: பாத்திரமும் சேந்துதான் பரிசுன்னு அந்தம்மா நெனச்சிட்டா. அவங்க வழக்கம் அப்படி. நெஞ்சோட அணைச்சிக்கிட்டு நின்டா... நான் எப்படிக் கேப்பேன்?

நளீரா: ஒரு மாசம் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தேன். வெறும் பாத்திரம் அனுப்பக் கூடாதுன்னு, உள்ளுக்குப் போட ஏதோ தேடுறாங்களாக்கும்னு...

மர்ஸூக்: அவங்களா! சீனி போட்டு அனுப்புவாங்கன்னா இருந்தே?

நளீரா: சிரிக்காதீங்க. ஜெனீரா கண்ண மூடுறதுக்கு முந்திக் கடைசியாப் பால் குடிச்சது அதுல.

மர்ஸூக்: அவ எனக்கும் மகதான்.

நளீரா: அப்ப நாளைக்குக் கேளுங்க. மௌத்தான புள்ளட சாமான்னு ஒரு வார்த்த.

மர்ஸூக்: பொஞ்சாதியக் கள்ளின்னு சொன்ன மாதிரி துரைக்கு ரோசம் வரும். மறுநாளே கம்பளி வேற கடையில.

நளீரா: ...இப்ப எங்க வெச்சிருக்காங்க?

மர்ஸூக்: பங்களா ஹோல்ல. கண்ணாடி அலமாரியில. நெதம் தொடச்சி, பளபளன்னு...

நளீரா: உள்ளுக்கு?

மர்ஸூக்: ரோசாப்பூ.

நளீரா: போன மாசம் தோடம்பழம்னீங்க.

மர்ஸூக்: பழமும் வைப்பாங்க... பூவும்...

நளீரா: பங்களாவுல கூட்டுற இராக்கம்மா சீல வாங்க வந்தா.

மர்ஸூக்: எப்ப?

நளீரா: நோன்புக்கு முந்தியே.

மர்ஸூக்: ...என்ன சொன்னா?

நளீரா: பின்வாசல்ல நாய்க்குத் தண்ணி வைக்கிறது அதுலதானாம்.

மர்ஸூக்: ...நானும் பாத்தேன் புள்ள. ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல்ல. தெரிஞ்சிக்கிட்டேதானா இவ்வளவு நாளும் கேட்டே?

நளீரா: நீங்க பூ, பழம்னு சொல்றது... கேக்க நல்லா இருந்திச்சு.

மர்ஸூக்: கேட்டுப் பாக்குறேன். போனாப் போகட்டும் கம்பளி. கொண்டு வந்து, நாய் தொட்ட பாத்திரத்துக்கு மார்க்கத்துல சொன்ன மாதிரி மண்ணு போட்டு ஏழு முறை கழுவிட்டா...

நளீரா: வேணாம். இங்க வந்தா அது சும்மா கெடக்கும். அங்க ஒரு உசிராவது வாய் வெச்சிக் குடிக்குது... அந்த எனாமல் கோப்பைய எடுங்க. வட்டிலப்பம் ஆறிட்டுது.