மேல்காத்து

இந்த விசாரணை அறை மின்விசிறியை யாராவது கொஞ்சம் குறைத்து வைத்தால் தேவலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் நீங்கள் கேட்டது சரியாகக் காதில் விழவில்லை. ஏன் செய்தேன் என்றுதானே? சொல்கிறேன்.

பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை அது. ஒரு சிற்றூருக்கு மேற்கே இருந்தது. அதன் புகை எங்கே போய் விழும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் வேலை. புகை எவ்வளவு தொலைவு பயணம் செய்யும் என்பதுதான் என் ஆராய்ச்சி. பக்கத்து வீட்டிலேயே விழுந்துவிடும் புகையில் ஆராய என்ன இருக்கிறது?

ஆலையை மூடலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து வந்த நிபுணரை 1994இல் அந்த ஊருக்கு அழைத்துப்போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பாவாத்தாள் என்ற பெண் தன் மகள் சண்முகப்பிரியாவை எங்கள் முன்னால் நிறுத்தினாள்.

"மேல்காத்துல பொகை பூராம் வருதுங்க. படிச்ச எழுத்தெல்லாம் மறந்துபோட்டா. இங்கிலீசுல நல்லா எடுத்துச் சொல்லுங்க அம்மணி, நம்மூட்டுப் புள்ளையாட்ட இருக்கறீங்க."

எங்கள் பக்கம் மேல்காத்து என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து தரையோடு வீசுவது. நான் அவரிடம், வானத்தில் உயரே வீசும் காற்றைச் சொல்கிறாள் என்றேன். மேல் என்ற சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டுதானே. பாவாத்தாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கம்ப்யூட்டருக்கும் உயரத்துக் காற்றின் எண்களையே கொடுத்தேன். திரையில் புகை அந்த ஊரைத் தொடாமல், அந்தியூரையும் தாண்டி, மெல்லிய சேலை முந்தானை போல நீண்டது. நல்ல படம். ஆலையை மூட வேண்டாம் என்று முடிவானது. என் கட்டுரையை வெளிநாட்டில் வாசித்தேன்.

அடுத்த ஆடியில் அந்தக் குழந்தை வலிப்பு வந்து இறந்துபோனது. துக்கம் கேட்கப் போனேன். பாவாத்தாள் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "பொகை அந்தியூருக்கா போகுதுங்க? அங்கயும் கொழந்தைக இருக்குமேங்க" என்றாள்.

இருக்கும் என்றேன்.

வட்டாரச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று எழுதித் தந்தால் போதும், பெரிதாக ஒன்றும் ஆகாது என்கிறீர்கள். இரக்கத்தோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் நான் அவிநாசியில் பிறந்தவள். பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காற்று தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.