கோயில் மடு மீனும் என் இலுப்பைப் புண்ணாக்கும்

1938ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ந் தேதி, கொல்லிமலை சோளக்காட்டுச் சாவடியில் ஏட்டு முன்பாகச் சொன்னது.

என் பெயர் அத்தாயி. வயது நாற்பதுக்குள் இருக்கும். காலஞ்சென்ற என் புருஷன் பெயரை நான் சொல்லும் வழக்கமில்லை; பக்கத்தில் நின்றவர்கள் சென்றாயன் என்று சொல்லி எழுதினார்கள். வாசலூர்பட்டிக்கு மேற்கே கொட்டாங்காட்டு வளவில் குடியிருக்கிறேன். ஆரியம் என்கிற கேழ்வரகு பயிரிட்டுப் பிழைக்கிறேன்.

போன வருஷம் என் ஆரியத்தை வேர்ப்புழு தின்று தீர்த்துவிட்டது. மேலே பயிர் நிற்கும், பிடித்து இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். அதைப் பார்க்கிறவளுக்கு வயிறு எரியுமா எரியாதா? அதன் பிறகு, ஊட்டுக்குப் பின்னால் நான் புண்ணாக்குத் தேய்த்துத் தலை முழுகிய இடத்தில் மண்ணுக்குள் இருந்த புழு பூச்சியெல்லாம் துடித்துக்கொண்டு மேலே வந்து செத்ததைக் கண்டேன். தலை அழுக்கை எடுக்கிற இலுப்பைப் புண்ணாக்கு வேர்ப்புழுவையும் எடுக்கட்டுமே என்று, புளியஞ்சோலையில் செக்கு ஆட்டும் வெங்கிடுசாமியிடம் மிளகு கொடுத்து ஒரு மூட்டை வாங்கி, மலை ஏறித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தேன். கழுத்து இன்னும் நேராகவில்லை.

மூட்டையை இறக்கி வியர்வையைத் துடைக்கவில்லை, ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி சம்சாரம் ராமாயி வந்து நின்றாள். ஆடிப் பதினெட்டுக்குத் தலை முழுக ஒரு கை வேண்டுமாம். "காட்டுக்குப் போடறதுக்கு வாங்கினதுடி" என்றேன். "ஒரு கை புண்ணாக்கு குடுத்தா கொறைஞ்சா போயிருவ?" என்றாள். கொடுத்தேன். அவள் போய் வளவு பூராவும் சொல்லிவிட்டாள். அதன் பிறகு பாப்பாத்தி வந்தாள், செல்லமுத்து பெண்டாட்டி வந்தாள், அடுத்த வளவுக்காரிகளும் முறத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பண்டிகை நாளில் இல்லையென்று சொன்னால் அதற்கும் என்னைத்தான் பேசுவார்கள். மூட்டை பாதியாகிவிட்டது.

மிச்சத்தை ஊறவைத்துக் கரைத்து நாற்றங்காலில் ஊற்றினேன். மறுநாள் வெள்ளைப் புழு மேலே வந்து செத்துக் கிடந்தது. பாதி நாற்றங்காலுக்குத்தான் எட்டியது. மீதிப் பாதியில் புழு இன்றைக்கும் சுகமாகத்தான் இருக்கிறது.

அதன் பிறகு ஆடிப் பதினெட்டு வந்தது. மற்ற வருஷம் ஆற்றில் தண்ணீர் புரண்டு ஓடும், அழுக்கெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். இந்த வருஷம் மழையில்லை. கோயிலை ஒட்டின மடுவில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. ஊரே அதில் இறங்கித் தலை முழுகியது. நுரை ஒரு சாண் நின்றது. எனக்குத் தேய்த்துக்கொள்ள ஒரு பிடி மிச்சமில்லை, வெறும் தண்ணீரில் முழுகி எழுந்தேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் மடு மீன் எல்லாம் வயிறு தெரிய மிதந்தன. அவை சாமி மீன். யாரும் பிடிக்க மாட்டோம், பொரி போடுவோம். நானும் போட்டிருக்கிறேன்.

உடனே கவுண்டர் என் நாற்றங்காலில் கிடந்த செத்த புழுவைக் காட்டி, "ஏ புள்ள, நீ மண்ணுல வெச்ச வெசந்தான் மீனைக் கொன்னுருச்சு" என்றார். "ஏனுங் மாமா, என் காடு மடுவுக்குக் கீழ கெடக்குது. தண்ணி மேட்டுக்கு ஏறுமுங்களா?" என்று கேட்டேன். மண்ணுக்குள்ளேயே ஊறிப் போயிருக்கும் என்றார். அதன் பிறகு என்னை ஊரை விட்டுத் தள்ளிவைத்து, மடுவிலிருந்து என் காட்டுக்கு வரும் வாய்க்காலைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்து, தங்களிடமும் பிராது கொடுத்துவிட்டார்கள். எங்க ஊட்டில் இருந்த விதை அவ்வளவும் அந்த நாற்றங்காலில்தான் இருக்கிறது. நேற்றே நாற்று நுனி சுருண்டுவிட்டது.

மீனைக் கொன்றது எது என்று ஏட்டு ஐயா கேட்டதற்கு நான் சொல்வது: என் புண்ணாக்குத்தானுங்க. ஆனால் அது என் காட்டு வழியாகப் போகவில்லை, இவங்க தலை வழியாகப் போனது. அன்றைக்கு அந்த மடுவில் புண்ணாக்கு இல்லாமல் முழுகின தலை என் தலை ஒன்றுதான்.

அப்படியானால் யார் யார் மேல் பிராது கொடுக்கிறாய் என்று கேட்டார். யார் மேலும் இல்லை. எல்லாரையும் தள்ளிவைத்துவிட்டால் என் வாய்க்காலை வெட்டிவிட ஊரில் ஆள் வேண்டாமா? விசாரணை எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், கூப்பிட்டால் வாரேன். நாற்று நாளைக்கு மேல் தாங்காது.

நான் இதைச் சொல்லும்போது கவுண்டர் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தம் குடுமியை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். இதையும் எழுதச் சொன்னேன்.

எழுதினதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை, அத்தனையும் நிஜம்.

அத்தாயி, இடது பெருவிரல் ரேகை.

சாட்சி: ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி, கைநாட்டு. இவர் தாமாகச் சொல்லி எழுதிக்கொண்டது: வாய்க்காலை இன்று பொழுது சாயுமுன் நானே போய் வெட்டிவிடுகிறேன்.