பின்சக்கரத்துக் கட்டை

பிரித்துக் கட்டிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வாங்கப் போகிறவர், காசைக் கொடுப்பதற்கு முன் அதன் வாயை முகர்ந்து பார்க்க வேண்டும். கருகின எண்ணெய் வாடை அடித்தால், உள்ளே எதையும் மாற்றாமல் மேலே பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் தங்கையின் புருஷன். அவன் வேலை தெரிந்தவன். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

என் தொழில், வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது. ஒரு பழைய பிக்கப் வண்டி, கூலிக்கு வரும் ஆட்கள், வீட்டில் ஒரு போன். போனை எடுப்பது தங்கை. கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றுவதும் அவள்தான். அவள் சுற்றி ஒரு டம்ளர்கூட உடைந்ததில்லை. அப்பா அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்துக்கொண்டேன். அவள் சமைத்தாள், நான் சம்பாதித்தேன். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஒன்றும் சரிப்படவில்லை. அவளுக்கு வலிப்பு வரும் என்று அவர்களிடம் நான் தனியாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். அவளுக்கு வலிப்பெல்லாம் கிடையாது. யார் மனமும் நோகாமல் திருப்பி அனுப்ப அதைவிட நாசூக்கான வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு இவன் வந்தான். வண்டியில் பிரேக் பார்க்க வந்த மெக்கானிக். அவள் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். இவனிடமும் வலிப்பு விஷயத்தைச் சொன்னேன். "அப்படின்னா கூட ஒரு ஆள் எப்பவும் இருக்கணும்ல?" என்றான். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்கள். நான் கோபப்படவில்லை. உள்ளே வரச் சொன்னேன்.

அடுத்த தெருவில் குடியிருந்தார்கள். காலையில் அவள் வழக்கம்போல வந்து போனை எடுப்பாள், சமைத்து வைப்பாள், சாயங்காலம் போய்விடுவாள். அவன் எதிரில் வரும்போதெல்லாம் "மச்சான்" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியில் காட்டிக்கொண்டதில்லை. "வாங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

வண்டி தகராறு பண்ண ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், சக்கரம் சுற்றாது. அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"கியர்பாக்ஸ் போச்சு மச்சான். புதுசெல்லாம் இந்த வண்டிக்கு வேஸ்ட்டு. நல்லா பிரிச்சுக் கட்டினதா ஒண்ணு பாப்போம். நானே மாட்டித் தரேன்."

கூடவே இன்னொன்றையும் சொன்னான். வேறு ஊரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறான். "நாங்க போறதுக்குள்ள உங்க வண்டிய சரி பண்ணி வெச்சிட்டா எனக்கு நிம்மதி."

எனக்கு நிம்மதி என்றான். என் வண்டி ஓடுவதில் அவனுக்கு என்ன நிம்மதி என்று நான் நிறைய யோசித்தேன்.

இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். அவன் குனிந்து முகர்ந்தான், அச்சை விரலால் சுற்றிப் பார்த்தான், கடைக்காரரைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தான். அவர் என்னைக் காட்டி, "யாரு, உங்க எடுபிடியா?" என்றார். அவன் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான், "ஐயோ, இவர்தாங்க ஓனரு, என் மச்சான்" என்றான். முதலில் சிரிப்பு, பிறகு பதில். அந்த வரிசை முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கொல்லையில் வேலையைத் தொடங்கினோம். அங்கே தரை கேட்டைப் பார்த்துச் சற்றுச் சரிந்திருக்கும். வண்டியின் முன்சக்கரங்களை இரும்புச் சாய்வுகளின் மேல் ஏற்றி நிறுத்தினான். பின்சக்கரங்களுக்குப் பின்னால் மரக்கட்டைகளை அடித்து இறுக்கினான். ஹேண்ட் பிரேக் கம்பி அறுந்து வருஷக்கணக்காகிறது. பிறகு அடியில் படுத்து, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டைக் கழற்றி வெளியே தள்ளினான்.

"மச்சான், இனிமே கியரை பார்க்ல போட்டாலும் வண்டி நிக்காது. இந்தக் கட்டைங்கதான் பிடிச்சிட்டிருக்கு. அதுங்கள மட்டும் தொட்டுடாதீங்க."

ஆக, அதையும் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

பழையதை இறக்கினோம். புதியதை ஜாக்கியில் வைத்து ஏற்றினோம். இன்ஜினோடு பொருந்த மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவன் திட்டவில்லை, பச்சைப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசிப் பேசியே பொருத்தினான். அவன் கேட்ட ஸ்பேனரை நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. தங்கை தக்காளி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

அவன் கடைசி போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தான். படுத்தபடியே பேசினான்.

"அங்க வீடு பாத்தாச்சு மச்சான். சமையக்கட்டுல பெரிய ஜன்னல். போன தடவ கூட்டிட்டுப் போய் காட்டினேன், அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

"எப்ப போனீங்க?"

"அன்னிக்கு டாக்டர் வீடுன்னு சொல்லிட்டு லீவு எடுத்தாள்ல, அப்பத்தான்."

அடுத்த ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

"உங்க கிட்ட சொல்ல அவளுக்குப் பயம். நெசமா சொன்னா எனக்கு இந்த ஊர விட்டுப் போக மனசே இல்ல. அவதான் போயே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா." பிறகு கீழேயிருந்து அவன் சிரிப்புக் கேட்டது. "சாமான எல்லாம் நம்ம வண்டியிலயே ஏத்திடலாம். புது கியர்பாக்ஸுக்கு முதல் சவாரி உங்க தங்கச்சி சாமான்தான். நீங்கதான் ஓட்டணும்."

பொய் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டானே, அதுதான். இங்கிருந்து போக வேண்டும் என்று அவள் எதற்காக நினைக்கப்போகிறாள்?

சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஒரு கட்டை சுலபமாக வந்துவிட்டது. இன்னொன்றைப் பக்கவாட்டில் தட்ட வேண்டியிருந்தது. சத்தம் கேட்டு, "என்ன மச்சான் பண்றீங்க?" என்றான். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை" என்றேன்.

வண்டி வேகமாகப் போகவில்லை. சாய்விலிருந்து இறங்கி, அவன் மேல் ஜாக்கியைச் சாய்த்து, கேட்டில் இடித்து நின்றது. அவன் உடனே போய்விடவில்லை. "மச்சான், தூக்குங்க" என்றான். இன்னொரு ஜாக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் ஸ்பேனர்களைத் துணியால் துடைத்து, அளவுவாரியாக அடுக்கினேன். கட்டைகளையும் துடைத்து அலமாரியில் வைத்தேன். வேலை முடிந்தால் சாமான்களை அப்படியே போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அதற்குள் கூப்பிடுவது நின்றிருந்தது. அதன் பிறகுதான் தெருவுக்கு ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட்டேன்.

வந்தவர்கள் எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். கட்டை நழுவியிருக்கும் என்றார்கள். தங்கை அழவே இல்லை. தக்காளிப் பையைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்ததும் அவளை என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். அந்த வாரம் நிம்மதியாகப் போயிற்று. போன் வந்தால் எடுத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டாள், நான் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் சுத்தியலைத் தேடி அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"கட்டை நழுவிடுச்சுன்னு சொன்னாங்க. நழுவின கட்டை எப்படிண்ணா அலமாரிக்குள்ள வந்துச்சு?"

அவளிடம் நான் பொய் சொல்வதில்லை. உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் அவளைப் பற்றிச் சொன்ன பழியையும் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு எத்தன தடவ கூப்பிட்டாரு?"

எண்ணவில்லை என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். கடைக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நீங்கள்தான் வந்தீர்கள்.

ஆமாம், கட்டைகளை எடுத்தது நான்தான். தெரிந்தேதான் எடுத்தேன். அவன் சாகிற வரைக்கும் பக்கத்தில்தான் இருந்தேன். இதில் எதையும் நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். என் முகத்தைப் பார்க்கவே விருப்பமில்லை என்று சொன்னாளாம். அவளை எனக்குத் தெரியும். தானாக அப்படியெல்லாம் பேசத் தெரியாதவள். பக்கத்தில் இருந்து யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன், பதிலுக்கு நீங்கள் எனக்கு ஒன்றை மட்டும் சொன்னால் போதும். அவள் இப்போது யார் வீட்டில் தங்கியிருக்கிறாள்?