எலிக்குப் போட்ட ஊசி

பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக் வாசலில் கிடந்த மரவாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கவாதம் வந்த கணவருடைய வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

“எலிக்கு வாதம் வந்தா மருந்து இருக்காம் புள்ள,” என்றார் அவர். அதன் பிறகு நான் எழுந்து போகவில்லை.

“நம்ம லயத்து வீட்டு எலி நல்லாத்தானே ஓடுது?” என்றார் மனைவி.

“இது ஆராய்ச்சி எலி. மூளைக்குப் போற ரத்தக்குழாய அவங்களே அடைச்சு வாதம் வர வைப்பாங்களாம். பெறகு கெட்ட எடத்தச் சரிபண்ண, குழாய் வழியாவே ஸ்டெம் செல்னு ஒரு உயிரணுவ அனுப்புவாங்களாம். மக போன்ல வாசிச்சுச் சொன்னா.”

“மண்டையத் தொறக்காமலா?”

“ஆமா. ரத்தத்தோடயே போய்ச் சேந்துருமாம். ஆனா மெதுவா விடணும். வேகம் கூடிப்போனா மறுபடியும் அடைச்சுக்கும். தோட்டத்துல தண்ணிக்குழாய் பாத்தவன், எனக்குத் தெரியாதா?”

“மனுசனுக்கு எப்பப் போடுவாங்க?”

“இன்னும் எலிக்குத்தான் பாக்குறாங்களாம். நமக்கு வந்ததும் மொதப் பேரு நான் குடுப்பேன்.”

“அதுக்காகத்தான் கைப்பயிற்சிய நிப்பாட்டிட்டீங்களா? சும்மா வச்சிருந்தா கை கட்டையாப் போயிரும்னு டாக்டர் சொன்னாரே!”

“ஊசி வந்தா எல்லாம் சரியாயிரும்.”

“ஊசி போட்டுட்டு எலிக்குப் பாயா விரிச்சுக் குடுக்குறாங்க? அதையும் ஓட வச்சுத்தானே பாப்பாங்க?”

அவர் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், “ஓடாட்டி?” என்று கேட்டார்.

“ஓடாட்டி எலிப் பொண்டாட்டி சும்மா விடுவாளா?”

அவர் வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார். பிறகு இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்கினார்.