இத்தாவில் வாசிக்க மூன்று நாவல்

கமறியா: இல்ல ஸுல்பிகா, இது எனக்குச் சரிவராது. மூணு பக்கம் வாசிச்சன். ஒருத்தன் செவ்வாய்க்குப் போறான். ஏன் போறான் எண்டு அவனுக்கே தெரியாது.

ஸுல்பிகா: மூணு பக்கத்துல என்னத்தக் கண்டாய்? ஆணம் கொதிக்கிறத்துக்கு முந்தியே உப்புப் பாக்குறியா?

கமறியா: மணத்திலயே தெரியும்.

ஸுல்பிகா: அப்ப வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சையிலயும் அதையே சொல்லு. "தங்கச்சி, லைப்ரரிக்கு ஒரு ஆள் வந்து நல்ல விஞ்ஞான நாவல் ஒண்டு தாங்க எண்டா எதைக் குடுப்பீங்க?" எண்டு கேப்பாங்க. "மணந்து பாத்துக் குடுப்பன் சேர்" எண்டு சொல்லிட்டு வா.

கமறியா: நான் போனாத்தானே கேப்பாங்க...

மரியம் மாமி: ஸுல்பிகா மகள், தேத்தண்ணி வெக்கிறன். சீனி போடவா?

ஸுல்பிகா: குறைச்சுப் போடுங்க மாமி. நீங்க அடுப்படியிலயே நில்லுங்க, நான் வந்து எடுக்கிறன்.

கமறியா: மெல்லக் கத. வியாழக்கிழமை எண்ட பேச்சே மாமிக்குப் பிடிக்கல்ல.

ஸுல்பிகா: எனக்குப் பிடிக்கும். ஆறு வருஷமா ஒரு சதம் சம்பளம் இல்லாம வாசிகசாலையில புத்தகம் அடுக்கினவள் நீ. இப்ப நிரந்தர வேலைக்குக் கடிதம் வந்திரிக்கி. வாற மாசத்தோட உனக்கு வயசெல்லை தாண்டுது. இந்தக் கடிதம் இன்னொருக்கா வராது கமறியா.

கமறியா: எனக்குத் தெரியாதா? இத்தா முடியிறது அடுத்த புதன். நேர்முகம் இந்த வியாழன். புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாள் பொம்புள வீட்டோட இரிக்கணும். இது நான் போட்ட சட்டமா?

ஸுல்பிகா: அவசரத் தேவைக்கு வெளிய...

கமறியா: மாமியிட்டக் கேட்டுப் பாத்தன். "இன்னும் எட்டு நாள்தானே மகள், அவனுக்காகப் பொறுக்க ஏலாதா" எண்டா. இவர் மாமிட ஒரே மகன். மகனையும் குடுத்துட்டு இரிக்கிற மனுஷியோட நான் மல்லுக்கு நிக்கிறதா?

ஸுல்பிகா: மல்லுக்கு நிக்கச் சொல்லல்ல. வாசிக்கச் சொல்றன். செவ்வாய்க்காரனை வை. அவனுக்கு அங்க ஒரு நாள் நம்மட நாளை விட அரை மணித்தியாலத்துக்கு மேல நீளம். அவன் எண்ணுற நாளும் வீட்டுல பொஞ்சாதி எண்ணுற நாளும் ஒத்துவராது. அதான் கதை. உனக்குப் பிடிக்கல்லயெண்டா ரெண்டாவதப் பார். "இரட்டைப் பிறை".

கமறியா: இது யார் போறது?

ஸுல்பிகா: ஒரு ஊரே போகுது. புதுக் கோள். அங்க ரெண்டு நிலா. சின்ன நிலா ரெண்டு நாளைக்கு ஒருக்கா தேய்ஞ்சு வளருது. பெரிய நிலா வளந்து தேய மூணு வருஷம். எந்த நிலாவ வெச்சு மாசத்த எண்ணுறது எண்டு ஊர் ரெண்டுபடுது.

கமறியா: பொறு, பொறு. சின்ன நிலாவ வெச்சு எண்ணினா நோன்பு மாசம் ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்.

ஸுல்பிகா: ஓம். சோம்பேறி எல்லாம் அந்தக் கட்சி.

கமறியா: பெரிய நிலாவ வெச்சு ஒருத்தி இத்தா இருந்தாளெண்டா... நாலு மாசத்துக்குப் பன்னிரண்டு வருஷம். கிழவியாத்தான் வெளிய வருவாள்.

ஸுல்பிகா: பாத்தியா, இந்தக் கேள்விய எழுதினவரே கேக்கல்ல. உன்ன மாதிரி ஆளுக்குத்தான் விஞ்ஞான நாவல்.

மரியம் மாமி: எந்த ஊர்ல புள்ள ரெண்டு நிலா?

ஸுல்பிகா: கதையில மாமி.

மரியம் மாமி: நல்லது. இங்க ஒத்த நிலாவ வெச்சே ரெண்டு பெருநாள் கொண்டாடுறாங்க. ரெண்டு இருந்தாத் தலையை உடைச்சிக்கிடுவாங்க.

கமறியா: அத வெச்சிட்டுப் போ. ராவைக்குப் பாக்குறன். மூணாவது என்ன?

ஸுல்பிகா: மூணாவது... எனக்கு எல்லாத்திலயும் பிடிச்சது இதுதான். "பதில் வரும் தூரம்". நாலு தரம் வாசிச்சிட்டன். ஒருத்தன் கப்பல்ல போறான், எங்கயோ நட்சத்திரத்துக்கு. பொஞ்சாதிக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் அனுப்புறான். தூரம் கூடக் கூட, கடிதம் இங்க வந்து சேர ஒரு வருஷம், ரெண்டு வருஷம் எண்டு பிந்துது. அவளும் விடாமப் பதில் எழுதுறாள். கிணறு வத்தினது, கூரை மாத்தினது, எல்லாம்.

கமறியா: பிறகு?

ஸுல்பிகா: கப்பல் எப்பவோ வெடிச்சிட்டு. ஆனா அவன் முந்தி அனுப்பின கடிதம் வந்துக்கிட்டே இரிக்கி. கடிதம் வாங்குற ஆபீஸ்ல இருக்கிற ஒருத்தனுக்கு அது தெரியும். அவன் சொல்லாம ஒவ்வொரு கிழமையும் கொண்டு போய்க் குடுக்கிறான்.

கமறியா: இத ஏன் எனக்குக் கொண்டு வந்தாய்?

ஸுல்பிகா: நல்ல நாவல் எண்டுதான்...

கமறியா: பொய் சொல்லாத. முதல்ல செவ்வாய்ல நீள நாள். பிறகு ரெண்டு நிலா. இப்ப மவுத்தானவன்ட கடிதம். உன்ட வீட்டு அலுமாரியில முப்பது நாவல் இரிக்கி. பொறுக்கி எடுத்த மூணும் நாள் கணக்கு. சொல்ல வந்ததச் சொல்லு.

ஸுல்பிகா: சரி. உன்ட இத்தாவ எண்டையில இருந்து எண்ணினீங்க?

கமறியா: உச்சமுனையில அவர்ட மையத்து கரையொதுங்கின நாள்ல இருந்து. ஊருக்கே தெரியும்.

ஸுல்பிகா: அவர் மீனுக்குப் போன போட்டு கவிழ்ந்தது எப்ப?

கமறியா: அதுக்குப் பதினொரு நாள் முந்தி.

ஸுல்பிகா: பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்டக் கேட்டன். உன்ட பேரச் சொல்லல்ல. சேதி எப்ப வந்தாலும், மையத்து எப்ப கிடைச்சாலும், மவுத்தான நாள்ல இருந்துதான் இத்தா எண்டார். பதினொரு நாளக் கழிச்சுப் பார். போன சனிக்கிழமையே முடிஞ்சிட்டு. மூணு நாளா நீ சும்மா வெள்ளையக் கட்டிக்கிட்டு உள்ள இரிக்கிறாய்.

கமறியா: அவர் எண்டைக்கு மவுத்தானார் எண்டு ஹஸ்ரத்துக்குத் தெரியுமா?

ஸுல்பிகா: கடல்...

கமறியா: போட்டுல கூட இருந்த ஒரே ஆள் ஃபாஹிம். இருட்டுல கை தவறிட்டு, பிறகு காணல்ல எண்டுதான் அவன் பொலிஸுக்கும் சொன்னான், பள்ளிவாசல்லயும் சொன்னான். வெறும் பிளாஸ்டிக் கேனப் பிடிச்சிக்கிட்டு அஞ்சு நாள் மிதந்து வந்தவங்க இந்தக் கரையில இல்லயா?

ஸுல்பிகா: கமறியா... நீ அத நம்புறியா?

கமறியா: நான் நம்புறதப் பத்தி இல்ல கதை. மாமி அந்தப் பதினொரு நாளும் நோன்பு பிடிச்சா. ராவானா மகனுக்கு எண்டு ஒரு கோப்பையில சோறு போட்டு மூடி வெச்சா. "சண்டை காலத்துல நேவிட பாஸ் இல்லாமக் கடலுக்குப் போகேலாது, பிள்ள கரையோட நிண்டான். இப்ப தூரக் கடலுக்குப் போறான், தூரத்துக்குப் போனவன் வர நாளாகும்தானே" எண்டு அயல்ல உள்ளவங்களுக்கெல்லாம் சொன்னா. நீ கேக்கிற கணக்க நான் வாயால சொன்னா என்ன அர்த்தம்? நீங்க கையேந்தித் துஆக் கேட்ட முதல் நாளே அவர் இல்ல எண்டு அர்த்தம். ஒரு வேலைக்காக அந்த மனுஷிட மொகத்தப் பாத்து அதச் சொல்றதா?

ஸுல்பிகா: ஒரு வேலை இல்ல. இனி உனக்கு இரிக்கிற ஒரே வேலை.

கமறியா: போனாப் போகட்டும். சொல்ல மாட்டன். நீயும் சொல்லக் கூடாது. முடிஞ்சிது.

ஸுல்பிகா: அவ தாங்குவா கமறியா.

கமறியா: தாங்க மாட்டா. உனக்குத் தெரியாது.

மரியம் மாமி: தேத்தண்ணி ஆறுது. எடுங்க.

கமறியா: மாமி... நீங்க எப்ப இருந்து இங்க நிக்கிறீங்க?

மரியம் மாமி: ரெண்டு நிலாவுல இருந்தே நிக்கிறன். ஸுல்பிகா, ஒண்டு கேக்கிறன். அந்தக் கடித ஆபீஸ்காரன்... அவன் ஏன் சொல்லல்ல?

ஸுல்பிகா: பாவம் பாத்து மாமி.

மரியம் மாமி: அவளுக்குத் தெரிய வந்தா என்ன செஞ்சாள்?

ஸுல்பிகா: ஏசுறாள். "என்ட நாளெல்லாத்தையும் நீ எடுத்துக்கிட்டாய்" எண்டு அவன்ட சட்டையப் பிடிச்சு ஏசுறாள்.

மரியம் மாமி: ஏசத்தான் வேணும். கமறியா, நீயும் ஏசு. கேட்டுட்டு ஏசு.

கமறியா: என்ன மாமி கதைக்கிறீங்க? இரிங்க, இந்தக் கதிரையில...

மரியம் மாமி: இரிக்க வேணாம். இருந்தா வாய் வராது. போட்டு கவிழ்ந்த மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஃபாஹிம் பின்வாசலால வந்தான். என்ட காலப் பிடிச்சிக்கிட்டு, "உம்மா, சுஹைர் நானா என்ட கைக்குள்ளதான் மவுத்தானார். மூச்சு நிண்ட பிறகுதான் கைய விட்டன்" எண்டான்.

ஸுல்பிகா: அல்லாஹ்வே... அப்ப இருட்டுல கை தவறினது எண்டது...

மரியம் மாமி: நான் சொல்லிக் குடுத்தது. முன்வாசல்ல பாத்தன், இவள் கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறாள். நெஞ்சு கேக்கல்ல. "கமறியாக்கு மட்டும் சொல்லாத" எண்டு அவனிட்டச் சத்தியம் வாங்கினன். நோன்பும் உனக்காகத்தான் மகள், மூடி வெச்ச சோறும் உனக்காகத்தான். ரெண்டு நாள் ஆறுதலா இருக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு பாத்தன். நாள் போகப் போக வாய் ஒட்டிக்கிட்டு. இத்தாக் கணக்கு பிழை எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். திருத்தினா உன்ன ஏமாத்தினதயும் சொல்லணும். அதுக்குப் பயந்து எட்டு நாள், எட்டு நாள் எண்டு உன்ட வேலையிலயும் கை வெச்சிட்டன். இனி ஏலாது. வியாழக்கிழமை நீ போறாய். ஹஸ்ரத்துக்கும் ஊருக்கும் நான் பதில் சொல்றன். ஆறு மணி பஸ்ஸுக்கு நானும் வாறன்.

கமறியா: போறன் மாமி. கட்டாயம் போறன். ஆனா நீங்க ஃபாஹிமை ஏசக் கூடாது. போட்டு கவிழ்ந்த மூணாம் நாள் கிணத்தடியில வந்து எனக்கிட்டயும் சொல்லிட்டு அழுதான். "மாமிக்கு மட்டும் சொல்லாத, தாங்க மாட்டா" எண்டு நானும் அவனிட்டச் சத்தியம் வாங்கித்தான் அனுப்பினன்.