கலங்கல் நிறம்

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே தெரியும் சமவெளியோடு ஒன்று, அருவியில் நனைந்த தலையோடு ஒன்று. அவர்களுக்குப் பச்சை என்றால் ஒரே பச்சை. உங்கள் காவல் நிலையத்துச் சுவரில் தொங்கும் நாள்காட்டிப் படமும் அந்த ரகம்தான். தப்பாக நினைக்காதீர்கள் ஐயா. இத்தனை காலம் நல்ல படங்களையே பார்த்துப் பழகிய கண் இது.

நாமக்கல்லில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்தேன். மாம்பழத்தையும் மண்பானையையும் வரையச் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த மலையின் திருப்புலி நாட்டுப் பகுதியில் ஓடைக்கரைமேல் ஒரு வீட்டை எடுத்தேன். நீர்வண்ணம் கற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதை இங்கே யாரிடம் கற்பது? ஊரில் ஓவியர் என்று சொல்லிக்கொள்பவர்கள் கல்யாண மண்டபத்துக்கு மயில் வரைகிறவர்கள். ஆகவே உலகத்தில் இன்று வரைந்துகொண்டிருக்கும் பெரிய கைகளை ஆசான்களாக எடுத்துக்கொண்டேன். மாட்ரிட்டில் ஒரு கிழவர், ஷாங்காயில் ஓர் அம்மாள், மெல்போர்னில் ஒருவர். அவர்கள் வரையும் காணொளிகளைத் திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். கிழவர் தூரிகையை அதன் வால்நுனியில் பிடிப்பார், நானும் அப்படிப் பிடித்தேன். அம்மாள் தாளை முழுக்க நனைத்துவிட்டு, பளபளப்பு அடங்கும் நேரம் பார்த்து நிறத்தை இறக்குவார். அந்த நேரத்தைப் பிடிக்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இந்த மலையில் அப்படி உழைத்த இன்னோர் ஆளை நீங்கள் காட்ட முடியாது.

கௌசிகா அதற்குப் பிறகு வந்தவள். காளப்பநாயக்கன்பட்டிக்காரி, விவசாயி பொங்கியண்ணனின் மகள். ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்துகொண்டிருந்தாள். விடுமுறை நாளில் ஸ்கூட்டரில் மலையேறி வந்து, கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள். நான் மறுக்கவில்லை. என் தாள்களைக் கொடுத்தேன், என் திரையிலேயே அந்தப் பெரிய ஓவியர்களையும் காட்டினேன். அந்தப் பெண்ணுக்குப் பொறுமை கிடையாது. கிழவரின் ஒரு படத்தைப் பார்த்து வரைவாள், மறுவாரம் அதை விட்டுவிட்டு வெளியே போய் மரவள்ளிக் காட்டைப் போடுவாள். தாளில் கறை படியும், நிறத்தின் ஓரங்கள் பூப்போல் விரிந்துபோகும். அதையெல்லாம் அப்படியே விடுவாள். கேட்டால், "அது அங்க அப்படித்தானுங்க சார் இருக்குது" என்பாள்.

இன்னொரு கூச்சமில்லாத வேலையும் செய்தாள். தான் வரைந்து கெட்டுப்போன படங்களை அனுப்பி, எங்கே தப்பு என்று கேட்டு ஷாங்காய் அம்மாளுக்கே எழுதினாள். பெரிய கலைஞர்களை அப்படித் தொந்தரவு செய்யக்கூடாது. அந்த அம்மாள் பதில் எழுதினார். பிறகு அடிக்கடி எழுதினார். பல நாட்டு ஓவியர்கள் சேர்ந்து வைக்கும் கண்காட்சி ஒன்றுக்கு இவளுடைய ஒரு படத்தைக் கேட்டார். சீனாக்காரர்களுக்கு நம் ஊர் என்றால் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். நானும் அதே முகவரிக்குப் படங்கள் அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. மின்னஞ்சல்கள் வழியில் தொலைந்துபோவது சகஜம்.

அந்தச் சமயம்தான் ஐப்பசி மூடுபனியை வரைந்து முடித்தேன். எதிர்மலை, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், நீல நிழல்கள். என் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமாக எதையும் செய்ததில்லை. கௌசிகா ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க சார், இது யாருதுங்க?"

"என்னுதுதான்."

"இல்லீங்க சார், யாரு படத்தப் பாத்துப் போட்டீங்கன்னு கேட்டனுங்க."

கேலி செய்யவில்லை. அவள் முகம் எனக்குத் தெரியும், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அறியாமைக்கு நான் கோபப்படுவதில்லை. சிரித்துக்கொண்டே காபி போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஓடைக்கு நடுவிலிருக்கும் பாறையில் உட்கார்ந்து கண்காட்சிக்கான படத்தை வரைந்தாள். ஒன்று முடிந்து கரையில் காய்ந்துகொண்டிருந்தது. சரியாக வரவில்லை என்று இன்னொன்றைத் தொடங்கியிருந்தாள். நான் வீட்டு வாசலில் இருந்தேன். ஓடையோரம் மரவள்ளி போட்டிருக்கும் காத்தான் மண்வெட்டியோடு மேலே ஏறி வந்தார்.

"மேக்கால மழ புடிச்சிருச்சுங்க. சித்த நேரத்துல ஓடையில தண்ணி வந்துருமுங்க. அந்தப் புள்ள பாறையில உக்காந்திருக்குது. போயிக் கூட்டியாந்துடட்டுங்களா?"

"நீ ஊட்டுக்குப் போ காத்தான். நான் அங்கதான் போறேன், கூட்டிட்டு வாரேன்."

காத்தான் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கையசைத்து, போகச் சொன்னேன். பிறகு இறங்கிப்போய்க் கரைமேட்டில் நின்றேன். எங்களுக்கு மேலே வெயில் அடித்தது. அவள் வானத்துக்கு நிறம் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், தண்ணி கலங்குதுங்களே."

பாறையைச் சுற்றித் தெளிவாக ஓடிய நீரில் செம்மண் நூல் நூலாகக் கலந்து வந்தது. ஈரத்தாளில் காவி நிறம் பரவுவது போலவே இருந்தது. அந்த நொடியில் கூப்பிட்டிருந்தால் நாலே எட்டில் கரைக்கு வந்திருப்பாள். இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

"மேல மாடு எறங்கியிருக்கும் கண்ணு. ஈரம் காயறதுக்குள்ள வானத்த முடிச்சுரு. இப்ப எந்திரிச்சீன்னா படம் போச்சு."

"செரிங்க சார்."

நான் சொன்னதில் தொழில்முறையாக ஒரு தப்பும் இல்லை. பாதியில் விட்டால் வானம் திட்டுத்திட்டாகத்தான் காயும். அவள் குனிந்துகொண்டாள். மேலே மரங்களுக்குள் இரைச்சல் கேட்டபோதுதான் தலை நிமிர்ந்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை ஐயா, என்னைப் பார்த்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. எழுந்திருக்க முயன்றபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. அதற்குப் பிறகு பாறையே தெரியவில்லை. சத்தம் போட்டிருக்கலாமே என்று உங்கள் ஏட்டய்யா கேட்டார். யாருக்காகப் போடுவது?

கரையில் காய்ந்த படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். தீயணைப்புக்காரர்கள் மறுநாள் கீழே மூங்கில் புதரில் அவளைக் கண்டெடுத்தார்கள்.

சாவு வீட்டில் பொங்கியண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கத்துக்குடுத்ததுங்க சார். எம் புள்ள படத்த அந்த ஊருக்கு அனுப்பிடுங்க. அவ பேரு அங்கயாவது இருக்கட்டும்" என்றார். படிக்காத மனிதர். கண்காட்சி என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாது. சரி என்றேன்.

படத்தை அனுப்பவில்லை. எடுத்துப் பார்த்தபோது அனுப்பும் தரத்தில் இல்லை என்று தோன்றியது. நிழல்கள் பலவீனமாக இருந்தன. ஆசிரியன் என்ற கடமையில் நானே திருத்தினேன், நீலம் கூட்டினேன். அவள் மூடுபனி போட்டிருந்த இடம் நிறங்கள் கலந்து கொஞ்சம் சேறாகிவிட்டது. தாள் ஏற்கெனவே களைத்திருந்தது, என் கையின் குறையல்ல. நீங்கள் என் வீட்டில் கைப்பற்றியது அதைத்தான்.

நீங்கள் தட்டச்சு செய்ததை முழுக்க வாசித்தேன். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தாலும் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. காத்தானைத் திருப்பி அனுப்பினேன், அவளை உட்காரவைத்தேன், சாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் 'பொறாமையால்' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். பொறாமைப்படுவதற்கு, அந்தப் பெண் முதலில் நன்றாக வரைந்திருக்க வேண்டுமே.