நரம்பு வந்து சேரும் அறை

மேடையில் வீற்றிருக்கும் மூத்த மருத்துவர்களே, மருத்துவமனை நிர்வாகி அவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகனே, மருமகளே, கட்டுப்போட்ட கையோடும் கட்டுப் பிரித்த கையோடும் வந்திருக்கும் எங்கள் கை சிகிச்சைப் பிரிவின் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். அழுது முடித்துவிட்டுத்தான் மேடையேறியிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்தவன் என்ற உரிமையில், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கறார் டாக்டர் போய்விட்டார். கறார் என்று பெயர் வைத்தவர்கள் நீங்கள்தான். மேல்கை எலும்பு முறிந்து, நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டபடி வந்த லாரி ஓட்டுநரை அவர் விட்டாரா? சுண்டுவிரலும் மோதிரவிரலும் வளைந்து, ஒரு சாவியைத் திருப்பக்கூட வலுவில்லாமல் வந்த தச்சரை விட்டாரா? வலிக்கிறது என்று யாராவது முனகினால், "வலி தெரியுதா? நல்ல சேதிதானே, கையக் கொடுங்க" என்பார்.

தையல்காரம்மா இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். உடைந்த கண்ணாடி மணிக்கட்டில் இறங்கி, நரம்பு அறுந்து வந்தவர். டாக்டர் அதைத் தைத்துச் சேர்த்தார். விரல்கள் மடங்கின, ஆனால் கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் உணர்ச்சியே இல்லை. ஊசி கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்த்தால்தான் தெரியும். இஸ்திரிப் பெட்டியில் விரல் வெந்ததை வாடையை வைத்துக் கண்டுபிடித்தவர் அவர். கடையைப் பூட்டிவிட்டு எங்களிடம் வந்தார்.

அறுந்த நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. மாதக்கணக்கில் காத்திருந்தோம். அப்போதுதான் நிர்வாகி அவர்கள் பார்வையிட வந்தார். தையல்காரம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஆள்காட்டி விரலைத் தொட்டார்.

"எந்த விரல்மா?"

"நடுவிரல் சார்."

நிர்வாகி உதட்டைப் பிதுக்கினார். "இத்தனை மாசமாச்சு, ஒரு விரலக்கூடச் சரியாச் சொல்லத் தெரியல."

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. கறார் டாக்டரோ சிரித்தார். "தொட்டது தெரியுதுன்னு சொல்றாங்களே சார், அது உங்க காதுல விழலையா? நரம்பு ஊருக்கு வந்து சேர்ந்துடுச்சு. வீடு மாறிப் புகுந்திருக்கு, அவ்வளவுதான். தினமும் தொட்டு, கண்ணத் திறந்து பாக்க வெச்சு, இது இந்த விரல்னு மூளைக்குப் பழக்கணும். அதுக்குத்தான் இந்த ரூம்."

அந்த அறையைத்தான் வரும் திங்கட்கிழமை காலி செய்து ஸ்கேன் இயந்திரம் வைக்கப் போகிறார்களாம். பலன் தெரியவில்லையாம். யாருக்குத் தெரியவில்லை? இன்று ஓட்டுநர் வண்டி ஓட்டுகிறார். தச்சர் தன் வீட்டைத் தானே திறந்துகொள்கிறார். இவர்களைக் கேட்டுவிட்டா முடிவெடுத்தீர்கள்?

கடைசியாக டாக்டரைப் படுக்கையில் பார்த்தேன். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"தையல்காரம்மா இப்ப எந்த விரல்னு சொல்றாங்க?"

"இன்னும் நடுவிரல்தான் டாக்டர்."

"சரி, நாளைக்கும் தொடுப்பா."

நிர்வாகி அவர்களே, உங்கள்மேல் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். திங்கட்கிழமை காலை, அந்த அறையின் சிகிச்சை மேசையைத் தூக்க ஆள் அனுப்புங்கள். இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். எதிரே தையல்காரம்மா கண்ணை மூடிக் கையை நீட்டியிருப்பார். அவருக்குப் பின்னால், வாசல்வரை, இங்கே கூடியிருக்கும் அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் மேசையை யார் தூக்குகிறார்கள் என்று பார்ப்போம்.